வீட்டிலேயே ராஹைட்: பச்சைத் தோலிலிருந்து பின்னல் வார் வரை

சதையையும் முடியையும் நீக்கி, பதனிடாமல், இழுத்துக் கட்டிக் காயவைத்த தோல்தான் ராஹைட். காய்ந்தால் கொம்பு போல விறைக்கும், நனைத்தால் மறுபடி இளகும். ஈரமாகப் பின்னி உலரவிட்டால் வார்கள் சுருங்கி ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கடிவாளமும் சாட்டையும் கத்திப் பிடியும் இதில் பின்னுகிறார்கள்.

மொத்த வேலைக்கு இரண்டு, மூன்று வாரம் ஆகும். கை உழைப்பு அதில் கொஞ்சம்தான், மீதி காத்திருப்பு.

தோல்

முதல் முறைக்கு ஆட்டுத் தோல் போதும். மெல்லியது, கையாள எளிது. தடித்த வார் வேண்டுமென்றால் கன்று அல்லது மாட்டுத் தோல். உணவுக்காக அறுத்த, நோயில்லாத விலங்கின் தோலாக இருக்க வேண்டும். எப்படிச் செத்தது என்று தெரியாத விலங்கின் தோலைத் தொடவே தொடாதீர்கள், ஆந்த்ராக்ஸ் போன்ற நோய்கள் தோல் வழியாகவும் வரும்.

அன்றே வேலையைத் தொடங்க முடியாவிட்டால் சதைப்பக்கம் முழுக்கக் கல்லுப்பைத் தாராளமாகத் தேய்த்து வையுங்கள். தொடங்கும் முன் குளிர்ந்த நீரில் ஊறவைத்து உப்பு, ரத்தம், அழுக்கு போகும்வரை அலசுங்கள்.

சதை நீக்குதல்

வழவழப்பான உருண்டைக் கட்டை ஒன்றைச் சாய்த்து வைத்து, சதைப்பக்கம் மேலே வரும்படி தோலைப் போடுங்கள். தடித்த பிளாஸ்டிக் குழாயும் ஆகும். மழுங்கிய நீளக் கத்தியால் கொழுப்பையும் சவ்வையும் தள்ளித் தள்ளி எடுங்கள். கூரான கத்தி வேண்டாம், ஒரு சின்னக் கீறல்கூடப் பின்னால் வார் அறுந்துபோகும் இடமாகிவிடும்.

முடி நீக்குதல்

10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் கால் கிலோ நீர்த்த சுண்ணாம்புத் தூள். சுட்ட சுண்ணாம்புக் கல் கூடாது, அது தண்ணீர் பட்டதும் கொதிக்கும். பிளாஸ்டிக் வாளி எடுங்கள், அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி இரண்டும் கட்டாயம்.

ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராமுக்கும் குறைவான சுண்ணாம்புதான் கரையும், மீதி அடியில் தங்கும். அதனால் அதிகம் போட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைக்காதீர்கள். தினம் இரண்டு முறை கிளறி, மூடி வைத்தாலே போதும்.

மூன்றாம் நாளிலிருந்து முடியை இழுத்துப் பாருங்கள். கழுத்துப் பகுதியிலும் எளிதாகக் கையோடு வந்தால் எடுத்துவிடலாம். ஆட்டுத் தோலுக்கு மூன்று முதல் ஐந்து நாள், மாட்டுத் தோலுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். தேவைக்கு மேல் ஒரு நாளும் விடாதீர்கள். சுண்ணாம்பு நாரைத் தளர்த்தும், பின்னலுக்கு வேண்டியது அந்த நாரின் வலுதான். இதனாலேயே அனுபவசாலிகள் பலர் சுண்ணாம்பைத் தொடாமல் முடியைக் கத்தியால் மழித்தே எடுக்கிறார்கள். கை பழகிய பிறகு நீங்களும் அதை முயலலாம்.

முடியோடு சேர்த்து அதன் அடியில் உள்ள மெல்லிய மேல்தோலையும் சுரண்டி எடுங்கள். அப்புறம் இரண்டு நாள் தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். கடைசித் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்தால் மிச்சச் சுண்ணாம்பும் போய்விடும்.

இழுத்துக் கட்டுதல்

ஓரமெங்கும் துளையிட்டு, கயிற்றால் மரச்சட்டத்தில் சமமாக இழுத்துக் கட்டுங்கள். சுருக்கமில்லாமல் இருந்தால் போதும், காயும்போது அதுவே முறுக்கேறும். சட்டம் கனமாக இருக்கட்டும்.

நிழலில், காற்றோட்டத்தில் காயவையுங்கள். நான் முதல் தோலை அவசரப்பட்டு உச்சி வெயிலில் வைத்தேன். மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கியது. ஈரத் தோல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டை நெருங்கினாலே அதன் நார் சுருண்டு பசையாகத் தொடங்கும். அப்படி வெந்த தோலை மீட்க வழியில்லை. அத்தனை நாள் உழைப்பு போனதில் மனசு ரொம்பவே வலித்தது. விரலால் தட்டினால் மேளம் போல ஒலிக்க வேண்டும், அதுதான் காய்ந்ததற்கு அடையாளம்.

வார் அறுத்தல்

வயிற்றுப் பகுதியும் கால் பகுதியும் இழுபடும், வலுவும் குறைவு. முதுகுப் பகுதியில் ஒரு வட்டம் வெட்டி, லேசாக நனைத்து, ஓரத்திலிருந்து சுருளாக உள்நோக்கி அறுத்துக்கொண்டே போங்கள். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் 6 மில்லிமீட்டர் அகலத்தில் அறுத்தால் ஏறக்குறைய 11 மீட்டர் நீள வார் கிடைக்கும்! நடுவில் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு விட்டுவிடுங்கள், அங்கே வளைவு கூடுதல்.

பலகையில் ஒரு பிளேடைச் செருகி, 6 மில்லிமீட்டர் தள்ளி ஓர் ஆணி அடித்து, இரண்டுக்கும் நடுவே தோலை இழுத்தால் அகலம் மாறாமல் வரும். அறுத்த வாரை இரண்டு கம்பங்களுக்கிடையே இழுத்துக் கட்டி உலர்த்துங்கள். இழுபட வேண்டியது இப்போதே இழுபட்டுவிடும். பிறகு மறுபடி நனைத்து, அகலத்தைச் சீராக்கி, ஓரங்களைச் சாய்வாகச் சீவுங்கள்.

பதம்

பின்னல் நன்றாக வருவதும் வராததும் இங்கேதான். சொட்டச் சொட்ட நனைந்த வாரைப் பின்னினால் காய்ந்தபின் இடைவெளி விழும். காய்ந்த வாரோ மடங்காது. வாரை நனைத்து, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் ஓர் இரவு வையுங்கள். ஈரம் உள்ளே சமமாகப் பரவியிருக்கும். எடுத்துக் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், விரலில் நீர் ஒட்டக்கூடாது, மடித்தால் விறைக்காமல் வளைய வேண்டும். அதுதான் பதம். பின்னும்போது இடையில் காய்ந்தால் ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

பின்னல்

நான்கு புரி உருண்டைப் பின்னலில் தொடங்கலாம். செய்ய நினைக்கும் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு வார் எடுங்கள். வலது ஓரத்து வாரைப் பின்பக்கமாக இரண்டு வார்களைத் தாண்டி இடப்பக்கம் கொண்டுபோய், முன்பக்கம் ஒரு வாரின் மேலாக மறுபடி வலப்பக்கமே திருப்புங்கள். அடுத்து இடது ஓரத்து வாரை இதேபோல. இப்படியே மாறி மாறி, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இறுக்கத்தில்.

முடிந்ததும் ஈரம் இருக்கும்போதே இரண்டு பலகைகளுக்கு நடுவே உருட்டுங்கள், பின்னல் உருண்டு படியும். இரண்டு நாள் நிழலில் உலரவிட்டு, உருக்கிய கொழுப்பை மெல்லிசாகத் தடவுங்கள். நாயும் எலியும் எட்டாத, ஈரமில்லாத இடத்தில் தொங்கவிடுங்கள்.