மின்முனையில் ரைபோஃபிளேவின் படலம்: கடல்நீருக்குக் கொண்டுபோகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம், தொண்டிக் கரைகளின் கடல்நீரை மின்வேதி முறையில் சோதிக்க விரும்புவோர், கிளாசி கார்பன் (கண்ணாடி போன்ற கடினக் கரி) மின்முனையின் மேல் வைட்டமின் பி2 ஆகிய ரைபோஃபிளேவினை மெல்லிய படலமாக ஏற்றும்போது, படலத்தைவிட அதைச் சோதிக்கும் முறையிலேயே அதிகம் தவறுகிறார்கள் என்பது என் கருத்து.

0.05 மைக்ரான் அலுமினாவால் மெருகேற்றிய மின்முனையை அல்ட்ராசானிக் தொட்டியில் கழுவாமல் விட்டால், தங்கிய தூளின் மேல்தான் படலம் அமரும். ரைபோஃபிளேவின் கரைசலை ஜன்னலோர வெயிலில் வைப்பதும் கூடாது. ஒளியில் அது லூமிகுரோம் போன்ற பொருள்களாகச் சிதையும் என்பதால், குடுவையை அலுமினியத் தாளால் சுற்றிவைக்க வேண்டும்.

மிகப் பெரிய தவறு, ரைபோஃபிளேவின் கரைசலிலேயே அளந்து, அங்கே மின்னழுத்தத்தை மாற்றும்போது மின்னோட்டம் உயர்ந்து தெரியும் முகடுகளைப் படலத்தினுடையவை என்று எழுதிவிடுவது. மின்முனையை வெளியே எடுத்துக் கழுவி, வைட்டமின் கலக்காத வெறும் பஃபரில் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசலில்) வைத்து, மின்னழுத்தத்தை மாற்றும் வேகமாகிய வருடல் வேகத்தைப் பத்து மடங்காக்கிப் பாருங்கள். முகட்டு மின்னோட்டமும் ஏறத்தாழ பத்து மடங்கானால் மூலக்கூறுகள் பரப்பில் ஒட்டியிருக்கின்றன. மூன்று மடங்கை ஒட்டியே உயர்ந்தால் அவை கரைசலிலிருந்து பரவி வருகின்றன. முகட்டின் அடியிலுள்ள மின்னூட்டத்திலிருந்து, பரப்பில் எவ்வளவு ஒட்டியுள்ளது என்ற பரப்படர்த்தியையும் கணக்கிடுங்கள்: ஓரடுக்குப் படலத்துக்கு அது சதுர சென்டிமீட்டருக்கு 10⁻¹⁰ மோல் என்ற அளவை ஒட்டி வரும். அதைப் போல நூறு மடங்கு வந்த பிறகும் ஓரடுக்கு என்று எழுதுவது சரியன்று.

கடல்நீரில் பாஸ்பேட் பஃபரைக் கலந்தால் கால்சியமும் மக்னீசியமும் வீழ்படிவாகி நீர் கலங்கும், படலமும் மூடப்படும். உப்புப்பாலம் இல்லாத வெறும் வெள்ளி–வெள்ளி குளோரைடு கம்பியை, மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் ஒப்பு மின்முனையாக வைத்தால், 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடிலிருந்து கடல்நீருக்கு மாறும்போதே அதன் மின்னழுத்தம் சுமார் 40 மில்லிவோல்ட் நகர்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் கரையோர உப்புத்தன்மை குறையும்போது மறுபடியும் நகரும். தனக்கென நிலையான நிரப்புக் கரைசல் உள்ள ஒப்பு மின்முனையே இங்கே ஏற்றது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிமானத்தை மண்டபத்தில் வைத்து ஆராயும் அளவுக்குக் கடுமையானது இந்தக் கரையின் உப்புக்காற்று. அந்தக் காற்றில் பச்சை பூத்த, மின்முனையைக் கம்பியோடு இணைக்கும் க்ரோக்கடைல் கிளிப்பும் முகடுகளை விலக்கிக் காட்டும்.

கரைந்த ஆக்சிஜனை நைட்ரஜன் செலுத்தி நீக்காவிட்டால், ஒடுக்கமடைந்த ரைபோஃபிளேவின் அதற்கு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட, ஒடுக்க முகடு பெருத்து ஆக்சிஜனேற்ற முகடு மறையும். இந்த உயர்வை, கடல்நீரில் நாம் தேடும் பொருளின் குறியாக எடுத்துக்கொள்ளாமல், படலம் ஏற்றாத மின்முனையையும் அதே நீரில் அளந்து, அப்பொருளின் தெரிந்த அளவுகளை அந்த நீரிலேயே சேர்த்து அளவுக்கோட்டை வரைய வேண்டும்.