வராந்தாச் சுவரில் தாவும் சிலந்தியைக் கவனிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் மழைக்காகக் காத்திருக்கும் புரட்டாசி மாதம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் நமக்குக் குளிர் விலகி வசந்தம் பிறக்கும் மாதம். விரதம் தொடங்குவதற்கு முன் வீட்டைக் கழுவி ஒட்டடை அடிப்பதும், தீபாவளிக்குள் வெளிச்சுவருக்குப் பெயின்ட் பூசி முடிப்பதும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல குடும்பங்களின் வழக்கம். அந்தத் துடைப்பத்துக்கு முதலில் இரையாவது ஒட்டடையே கட்டாத ஒரு சிலந்தி. வெயில் படும் சுவரில் ஈயைப் பின்தொடர்ந்து சென்று பாய்ந்து பிடிக்கும் இச்சிலந்தி மெனெமெரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. 1868இல் யூஜீன் சீமோன் வகுத்த இப்பேரினத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் வீட்டுச் சுவர்களில் பெரும்பாலும் காணப்படுவது மெனெமெரஸ் பைவிட்டாட்டஸ். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, இன்று வெப்பமண்டல நாடுகளெங்கும் மனிதரின் சுவர்களை ஒட்டியே பரவிவிட்ட இனம் இது.

முதலில் சிலந்தியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். உடல் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நீளம், அதாவது ஓர் அரிசி மணியைவிடச் சற்றே அதிகம். மேலிருந்து அழுத்தியது போன்ற தட்டையான உடலின் மீது சாம்பல் கலந்த வெள்ளை மயிர் அடர்ந்திருக்கும். பெண்ணின் இரு பக்கங்களிலும் ஓடும் கரும்பட்டைகள் வயிற்றின் கடைசியில் ஒன்றாகக் கூடும்; ஆணுக்கோ வயிற்றின் நடுவே ஒரு கருங்கோடு இருக்கும். வீட்டுக்குள்ளே, வெள்ளைப் பிறை வரைந்தது போன்ற வயிற்றுடன் கறுப்பும் சிவப்புமாக ஓர் ஆண் சிலந்தி தென்பட்டால், அது ஹசாரியஸ் என்னும் வேறு பேரினம். பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்பக்கத்தில் ஒழுங்கற்ற வலையும், முள் முளைத்த சிறு உருண்டை போன்ற முட்டைப்பையும் இருந்தால் அங்கே கையை நீட்டக் கூடாது. அது பழுப்பு பட்டன் சிலந்தி, கடித்தால் வலிக்கும்.

கவனிப்பதற்கு உகந்தது, சுவரில் வெயில் ஏறிய பிறகான முற்பகல் நேரம். இரவில் இச்சிலந்தி விரிசலிலோ விளக்குப் பெட்டியின் பின்னாலோ பட்டுப்பை பின்னி அதற்குள் அடங்கிவிடும். கறிவேப்பிலை மரமோ முருங்கையோ நிற்கும் பக்கத்துச் சுவராக இருந்தால் ஈயும் கொசுவும் மிகுதியாக வரும், சிலந்தியும் வரும். ஒரு மீட்டர் தூரத்தில் ஸ்டூலைப் போட்டு, உங்கள் நிழல் சுவரில் விழாதபடி அமர்ந்து, சில நிமிடங்கள் அசையாமல் இருங்கள். பொறுமையில்லாதவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சிலந்தி தென்பட்டதும், அதன் பின்புறமாக ஒரு விரலைச் சுவரை ஒட்டி மெல்ல அசைத்துப் பாருங்கள். உடனே உடலைத் திருப்பி, நேருக்கு நேராக உங்களைப் பார்க்கும். அதற்கு எட்டுக் கண்கள். பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் உள்ளவை அசைவை மட்டும் உணர்ந்து, ‘அங்கே ஏதோ இருக்கிறது’ என்று அறிவிக்கின்றன. அது என்ன என்று ஆராய்வது முன்னால் உள்ள இரண்டு பெரிய கண்களின் பணி. இவ்விரண்டும் நீண்ட குழாய் போன்ற அமைப்புடையவை. முன்னே உள்ள லென்ஸ் நிலையாக இருக்க, குழாயின் கடைசியில் உள்ள விழித்திரையைத் தசைகள் இழுத்து அசைக்கின்றன. ஆகவே, சிலந்தி அசையாமல் நிற்கும்போதும் அதன் பார்வை உங்கள் முகத்தை மேலும் கீழுமாக மேய்ந்துகொண்டிருக்கக்கூடும்.

வேட்டையைப் பார்ப்பதற்குத்தான் நான் பெரும்பாலும் உட்காருகிறேன். ஈ சுவரில் அமர்ந்ததும் சிலந்தி முதலில் தலையைத் திருப்பும்; பிறகு உடலை அதே கோட்டுக்குக் கொண்டுவரும்; விரைந்து சில அடி எடுத்து வைத்து, நெருங்க நெருங்க வேகத்தைக் குறைக்கும். ஈ கால்களைத் தேய்த்துக்கொள்ளும்போது முன்னேறி, நிறுத்தும்போது தானும் நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன். இரண்டொரு சென்டிமீட்டர் இடைவெளியில் பதுங்கி, வயிற்றின் நுனியைச் சுவரில் ஒருமுறை அழுத்தும். அந்த அழுத்தத்தில்தான் நூல் ஒட்டப்படுகிறது. சாய்வெயிலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், தாவிய தடம் முழுவதும் ஒரு வெள்ளி இழையாக மின்னும். குறி தவறினாலும் சிலந்தி தரையில் விழாது. அந்த இழையில் தொங்கி மீண்டும் மேலே ஏறிவிடும்.

சிறு விலங்குகளைக் கலைக்காமலிருக்கச் சிவப்பு வெளிச்சத்தைப் பயன்படுத்துமாறு சிலர் கூறுவர். தாவும் சிலந்தியின் வேட்டையைக் கவனிக்க அது உதவாது. மேலே சொன்ன ஹசாரியஸ் சிலந்தியைக் கொண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பச்சை ஒளியில் சரியாகத் தாவிய சிலந்திகள் சிவப்பு ஒளியில் இரைக்கு முன்பாகவே விழுந்தன. விழித்திரையின் அடுக்குகளில் ஒன்றில் தெளிவாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் விழும் பச்சை நிறப் பிம்பங்களை ஒப்பிட்டு, சிலந்தி தூரத்தை அளக்கிறது. ஆகவே பகல் வெளிச்சமே போதும்.

அருகில் வைத்துப் பார்க்க விரும்பினால், கண்ணாடிக் குவளையை மெதுவாகக் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகி எடுக்கலாம். நிழலான இடத்தில் பத்து நிமிடம் வைத்திருந்துவிட்டு, பிடித்த சுவரிலேயே விட்டுவிட வேண்டும். நான் ஒருமுறை அச்சார் பாட்டிலில் ஓர் ஆண் சிலந்தியை அடைத்து, தொலைபேசி அழைப்பு வந்ததால் வெயிலிலேயே மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது எட்டுக் கால்களும் உள்நோக்கி மடங்கிச் சுருண்டு கிடந்தது. சிலந்தியின் கால்களில் உள்ள முக்கியமான மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடல் திரவத்தின் அழுத்தமே அவற்றை நீட்டுகிறது, அந்த அழுத்தமே தாவும் விசையையும் தருகிறது. உயிர் போனதும் அழுத்தம் இறங்கிக் கால்கள் தாமே மடங்கிவிடுகின்றன. இதை அறிந்துகொள்ள அந்தச் சிலந்தி சாக வேண்டியிருந்ததே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

ஆண் சிலந்தி கிடைத்தால், சட்டைப் பொத்தான் அளவுள்ள, முகம் பார்க்கும் கண்ணாடியின் சிறு துண்டைச் சுவரில் அதன் எதிரே சாய்த்து வையுங்கள். தன் பிம்பத்தையே போட்டியாளனாக எண்ணி, முன்கால்களை அகல விரித்து மிரட்டுவது வழக்கம். ஓரிரு நிமிடங்களில் கண்ணாடியை எடுத்துவிடுங்கள்.

பெயின்ட் அடிக்கும் முன், விரிசல்களிலும் சன்னல் சட்டத்தின் ஓரத்திலும் வெண்பட்டுத் திட்டு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். தாய்ச்சிலந்தி அதற்குள் முட்டைகளைக் காத்து அமர்ந்திருக்கலாம். அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுக் கடைசிக்கு ஒதுக்கி வைக்குமாறு பெயின்டரிடம் சொல்லுங்கள். குஞ்சுகள் வெளியேறிய பிறகு அந்தப் பட்டு காய்ந்த காகிதம் போலாகிவிடும். விரலால் உரித்துவிட்டு மிச்சச் சுவருக்கும் வண்ணம் பூசலாம்.