ஊர்க்காரர்களுக்கு ஒருநாள் செல்போன் நெட்வொர்க் வகுப்பு நடத்துவது எப்படி?

இப்படி ஒரு நிகழ்ச்சி நடத்தலாம் என்று தோன்றியதுமே எல்லோரும் 1ஜி-யிலிருந்து 5ஜி வரை ஸ்லைடு போட உட்கார்ந்துவிடுவார்கள். அது வேண்டாம், பதினோரு மணிக்கெல்லாம் பாதிக் கூட்டம் டீக்கடையில் இருக்கும். ஊர்க்காரர்களிடம் ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கிறது: "வாசல்ல நின்னா டவர் ஃபுல்லா இருக்கு, அடுப்படிக்குப் போனா கட்டாவுது, ஏன்?" நாள் முழுக்க இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடினால் போதும், மற்றதெல்லாம் தானாக உள்ளே வரும். எங்கள் ஊர் மலையடிவாரம், நூலக வாசகர் வட்டத்தின் சார்பில் இப்படித்தான் நடத்தினோம். எங்களுக்கு வேலை செய்த முறையை அப்படியே எழுதுகிறேன்.

இடம், ஆள், தேதி

கிளை நூலகமோ பள்ளியோ சமுதாயக் கூடமோ, எதுவானாலும் சரி. சிக்னல் எல்லா மூலையிலும் ஒரே மாதிரி இருக்கும் இடத்தை மட்டும் எடுக்காதீர்கள். தடித்த சுவர், ஜன்னலில்லாத உள்ளறை, மொட்டை மாடி மூன்றும் இருந்தால் பாதிப் பாடத்தைக் கட்டடமே நடத்திவிடும். முகூர்த்த நாளாக இல்லாத ஞாயிறாகப் பாருங்கள். முப்பது பேருக்கு மேல் வேண்டாம், ஐந்து பேருக்கு ஒரு குழு, ஒவ்வொரு குழுவிலும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரு பெரியவரும் இருக்கட்டும். புரொஜெக்டர் தேவையில்லை. சார்ட் பேப்பர், மார்க்கர், கையால் வரைந்த ஊர் வரைபடம், அலுமினியத் தாள் ஒரு சுருள், ஒரு எவர்சில்வர் டப்பா, அவ்வளவுதான்.

டவரைப் பார்க்கப் போவதாக இருந்தால் வேலிக்கு வெளியிலேயே நில்லுங்கள். நீளமான வெள்ளைப் பெட்டிகள் மூன்று திசைக்கும் திரும்பியிருக்கும், நம் போனோடு பேசுவது அவைதான். மத்தளம் மாதிரி வட்டமாக இருப்பது இன்னொரு டவரோடு பேசுவதற்கு. அது ஒன்றுகூட இல்லையென்றால் பெரும்பாலும் தரைக்கடியில் ஃபைபர் வந்திருக்கும். கீழே இருக்கும் பேட்டரி அலமாரியையும் காட்டுங்கள், ரொம்ப நேரம் கரண்ட் போனால் சிக்னலும் ஏன் போகிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

போனைத் தயார் செய்வது

ஆண்ட்ராய்டில் *#*#4636#*#* போட்டால் பல போன்களில் சிக்னல் அளவைக் காட்டும் சோதனைத் திரை தானாகத் திறக்கும். பல சாம்சங் போன்களில் அது வராது, *#0011# போட்டுப் பாருங்கள். ஐபோனில் *3001#12345#* போட்டுவிட்டு அழைப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். ஆனால் இந்தக் குறியீடுகளை நம்பி முப்பது பேரை உட்காரவைக்க முடியாது, ஆளுக்கொரு திரை வரும். குழுவுக்கு ஒரு ஆண்ட்ராய்டு போனில், அதே அளவுகளைக் காட்டும் 'நெட்மான்ஸ்டர்' செயலியை முந்தின நாளே போட்டுவிடுங்கள். 'செல்மேப்பர்' நல்லதுதான், ஆனால் புதியவர்களுக்கு அதன் வரைபடம் தலைசுற்ற வைக்கும். இரண்டு சிம் போட்ட போனென்றால் ஒன்றை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் யார் எந்த எண்ணைப் படிக்கிறார்கள் என்றே தெரியாது.

கழித்தல் குறி

நாளே படுத்துவிடக்கூடிய இடம் இதுதான். திரையில் ஆர்எஸ்ஆர்பி என்று ஒரு எண் வரும், டவர் சிக்னல் போனுக்கு எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதன் அளவு அது: வாசலில் −85, அடுப்படியில் −105. உடனே ஒருவர், "அடுப்படிலதான் அதிகமா இருக்கு" என்பார். கழித்தல் குறி என்றால் குறைவு என்று வாயால் எத்தனை முறை சொன்னாலும் அடுத்த குழு அதையேதான் சொல்லும். கடைசியில் சுவரில் ஒரு கிணறு வரைந்தோம். மேல்விளிம்பு பூஜ்யம். −85 என்றால் 85 படி இறங்கியிருக்கிறோம், −105 என்றால் இன்னும் ஆழத்தில். அதற்கப்புறம் யாரும் தப்பாகப் படிக்கவில்லை.

அதோடு விட்டுவிடாதீர்கள், சுவாரசியமே இனிமேல்தான். விளிம்பு என்பது ஒரு மில்லிவாட். பத்துப் படி இறங்கினால் சக்தி பத்தில் ஒரு பங்கு, இருபது படி என்றால் நூற்றில் ஒரு பங்கு. அப்படியானால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே இருக்கும் சுவர்களும் பீரோவும் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கைத் தின்றுவிட்டன. −100 என்பது ஒரு மில்லிவாட்டை ஆயிரம் கோடிப் பங்காக்கி அதில் ஒன்று, அதை வைத்துக்கொண்டுதான் போன் வீடியோ காட்டுகிறது. இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு வரும், அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். தோராயமாக −80-க்கு மேல் அருமை, −100 தாண்டினால் தடுமாற்றம், −120 பக்கம் போனால் கைகழுவ வேண்டியதுதான். திரை உச்சியில் தெரியும் கோடுகளுக்கு எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவு கிடையாது, அதனால் கோட்டை எண்ண வேண்டாம்.

தெருவில் நடப்பது

ஒவ்வொரு குழுவும் ஒரு தெரு. நூறடிக்கு ஒருமுறை ஆர்எஸ்ஆர்பி, அதோடு பிசிஐ எண். டவரின் ஒரு பக்கத்து ஆண்டெனா பார்த்துக்கொள்ளும் பகுதிதான் செல். பிசிஐ என்பது இப்போது பிடித்திருக்கும் செல்லின் அடையாள எண், அது மாறினால் போன் வேறு செல்லுக்குக் கைமாறிவிட்டது என்று அர்த்தம். போன வழியிலேயே திரும்பி வரச் சொல்லுங்கள். எங்கள் குழு ஒன்றுக்குப் போகும்போது ரேஷன் கடையருகே எண் மாறியது, வரும்போது அதைத் தாண்டிக் கோயில் வாசலுக்கு வந்தபிறகுதான் பழைய எண் வந்தது. செயலி கெட்டுவிட்டதா என்று கேட்டார்கள். கெடவில்லை. பக்கத்துச் செல் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மட்டும் போதாது, குறிப்பிட்ட அளவு கூடுதலாக, கொஞ்ச நேரமாவது நிலையாக இருந்தால்தான் போன் மாறும். இல்லையென்றால் எல்லையில் நிற்கும் போன் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும்.

திரும்பி வந்து எண்களை ஊர் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பாகக் குறியுங்கள். மலைக்கு இந்தப் பக்கம் சிவப்பு எப்படிப் படர்கிறது என்று அப்போதுதான் கண்ணில் தெரியும்.

டப்பாவும் தாளும்

போனை எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து மூடி, அழைத்துப் பாருங்கள். பல நேரம் மணி அடிக்கும்! மூடியைச் சுற்றி ஓடும் மெல்லிய இடுக்கு வழியாக அலை நுழைந்துவிடும், இடுக்கின் அகலத்தைவிட நீளம்தான் இங்கே முக்கியம், அலையின் நீளத்தோடு ஒப்பிடும் அளவுக்கு இடுக்கு நீண்டிருந்தால் அலை புகுந்துவிடும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 செ.மீ., 2300-க்குச் சுமார் 13 செ.மீ., இரண்டையும் நூலில் அளந்து காட்டுங்கள். அப்புறம் அதே போனை அலுமினியத் தாளில் மூன்று சுற்று சுற்றி ஓரங்களை மடித்துவிட்டு அழையுங்கள். கொஞ்ச நேரம் மௌனம், பிறகு 'தொடர்பு எல்லைக்கு வெளியே'.

கதிர்வீச்சுக் கேள்வி

நிச்சயம் வரும், ஒதுக்கித் தள்ளாமல் தனி நேரம் கொடுங்கள். 2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் டவர் அலைவீச்சுக்கான வரம்பு சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளத்தில் உங்கள் பகுதி டவரைப் பார்க்கலாம், கட்டணம் கட்டி அளக்கவும் கேட்கலாம். இன்னொன்றையும் சொல்லுங்கள்: டவர் தூரமாகப் போகப் போக, காதோடு ஒட்டியிருக்கும் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். "ஊருக்குள்ள டவரே வேணாம்" என்றவர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்தார்கள், எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, பரவாயில்லை.

மதியம்

சாப்பாட்டுக்குப் பிறகு கோட்பாடு எடுபடாது. 'சஞ்சார் சாத்தி' தளத்தைத் திறந்து, தன் பேரில் எத்தனை சிம் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் பார்க்கட்டும். ஒருவர் பேரில் ஒன்பது வரை இருக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தெரியாத எண் ஏதாவது இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். தொலைந்த போனை முடக்குவதும் அதே தளத்தில்தான், அதற்குப் போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ வேண்டும், *#06# போட்டு வீட்டு டைரியில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட யாராவது கிளம்புவார்கள், தடுத்துவிடுங்கள். ஓடிபி வந்தால் அவரவரே பார்த்து அவரவரே அடிக்கட்டும், உதவி செய்கிறேன் என்று நீங்கள் வாங்கிப் பார்க்காதீர்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு நடத்திப் பார்த்த ஒருவர், "வீட்டில் −118 காட்டுகிறது, ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்கிறதே?" என்றார். டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகப் பேச்சு போகும் 'வைஃபை காலிங்' இயங்கியிருக்கும். அளக்கும் முன் எல்லாப் போனிலும் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

5ஜி போன்களில் 4ஜி-க்கு ஒரு வரி, 5ஜி-க்கு ஒரு வரி என இரண்டு எண் வரலாம். ஒரே பட்டியலில் கலந்து எழுதாதீர்கள், அமைப்பில் 4ஜி மட்டும் என்று வைத்துக்கொண்டால் தொல்லையில்லை.

"அப்போ ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டிடலாமா?" என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது, அனுமதியில்லாமல் மாட்டுவது சட்டவிரோதம், பக்கத்துத் தெருவின் சிக்னலையும் அது கெடுக்கும். வீட்டில் வைஃபை இருந்தால் அந்த வைஃபை காலிங்கையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் குறித்து வைத்த வரைபடத்தை இணைத்து நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள், தெருவாரியாக எண் போட்டு அனுப்பினால் 'போனை அணைத்துப் போடுங்கள்' என்று பதில் சொல்லித் தட்டிக்கழிப்பது அவர்களுக்கும் கஷ்டம்.