சூம் வகுப்பிலும் நேரடி வகுப்பிலும் நாங்கள் விட்ட பிழைகள்

உயர்தரத்தில் பாதியைச் சூமில் படித்தேன், மீதியை வகுப்பு வாங்கில் இருந்து படித்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளை மூடினார்கள். திறந்து, திரும்பவும் மூடி, 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் வீட்டில் இருந்தோம். வன்னியில் இப்போதும் தூரத்து ஆசிரியர்களிடம் ஒன்லைனில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய பிழை, விளங்காததை மறைத்தது. சிறிய நீளங்களை அளக்கிற வேணியர் இடுக்கிமானியைப் படிப்பித்த நாள் நல்ல நினைவு. வீட்டுக்குள் சிக்னல் இல்லை. குளக்கட்டில் மருத மரத்துக்குக் கீழே, சைக்கிள் கூடையில் ஃபோனைச் சாய்த்து வைத்திருந்தேன். "விளங்கிச்சுதோ பிள்ளையள்?" என்று சேர் கேட்டார். ஒருவர் "ஓம் சேர்" என்று போட, வரிசையாக எல்லாரும் போட்டார்கள். நானும் போட்டேன். பூச்சிய வழுவை, அதாவது ஒன்றையும் அளக்காமலே கருவி காட்டுகிற பிழையை, வாசிப்போடு கூட்டுவதா கழிப்பதா என்று எனக்குத் தெரியாது.

பாடசாலை திறந்த பிறகு ஆய்வுகூடத்தில் அதே கருவி கைக்கு வந்தது. தாடைகளை மூடினால் பிரதான அளவிடையின் பூச்சியமும் நகருகிற வேணியர் அளவிடையின் பூச்சியமும் நேராக நிற்கவில்லை. வேணியரின் பூச்சியம் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நின்றது. ஒன்றையும் வைக்காமலே ஒரு வாசிப்புக் காட்டுகிறது, அப்போ அதைக் கழிக்கத்தானே வேண்டும்! இடப்பக்கம் நின்றால் கூட்ட வேண்டும். என் பேனை நின்றதைக் கண்டுதான் ரீச்சர் பக்கத்தில் வந்து இதைக் காட்டினார். சூமில் பேனை நின்றது யாருக்கும் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமென்றால், கணக்கில் நீங்கள் நின்ற வரியைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் தனியே அனுப்புங்கள். "ஒண்டும் விளங்கேல்ல சேர்" என்று மட்டும் எழுதினால், எங்கே தொடங்குவதென்று அவருக்கும் தெரியாது.

அடுத்தது ரெக்கோடிங். இரவு டேட்டாவில் இறக்கி வைத்ததும் படித்து முடித்த மாதிரி ஒரு நிம்மதி வரும். 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்களும் இருந்தன. அப்போது ரெக்கோடிங் உண்மையாகவே கைகொடுத்தது, ஆனால் அந்தந்தக் கிழமையே பார்த்தவை மட்டும்தான். சேர்ந்து கிடந்தவற்றைப் பரீட்சை வரைக்கும் நான் திறக்கவே இல்லை. ஸ்கிரீன்ஷொட்டும் அப்படித்தான். கொப்பியில் எழுதுங்கள்.

நேரடி வகுப்பென்றால் எல்லாம் சரி என்று நினைப்பதும் பிழை. ரவுணில் நூற்றுக்கணக்கானோர் நெருங்கியிருக்கிற ரியூசன் கொட்டிலில் கடைசி வாங்கில் இருந்தால், அங்கேயும் உங்கள் பேனையை யாரும் காணப்போவதில்லை. அதற்குப் பஸ் காசு, இருட்டில் திரும்பி வரும் பயம் வேறு. கொஞ்சப் பேர் படிக்கிற வகுப்பு ஊருக்குக் கிட்ட இருந்தால் அதையே எடுங்கள். கணக்கும் செய்முறையும் நேரில் படிப்பது நல்லது, மீட்டலுக்கு ஒன்லைன் போதும். வினாத்தாள் வாங்கக் காசு கொடுக்க முதல், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தைப் பாருங்கள். கடந்தகால வினாத்தாள்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கும்.

வீட்டாரிடம் நேரத்தைச் சொல்லாமல் விட்டதும் என் பிழைதான். ஃபோனோடு இருக்கிற பிள்ளை சும்மா இருக்கிறது என்றுதான் அம்மா நினைத்தார். மாட்டை அவிழ், கடைக்குப் போ என்று இடையில் கூப்பிடுவார். பிறகு வகுப்பு நேரங்களை ஒரு தாளில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டினேன். அன்றிலிருந்து அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் கோழி அடைக்கக் கூப்பிட்டார்.