தினமும் போடும் சங்கிலி தேய்கிறதா? வீட்டிலேயே பார்க்கலாம்

அம்மா 11 வருடமாகக் கழற்றாமல் போட்டிருந்த இரண்டு பவுன் சங்கிலி, போன மாசியில் மார்த்தாண்டம் சந்தையில் வைத்து அறுந்தது. சேலை மடிப்பில் விழுந்ததால் கிடைத்தது. "916 தானே, எப்படி அறும்?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த எண் தங்கம் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். உறுதியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஒரு பவுன் 8 கிராம். 22 காரட்டில், அதாவது 916 முத்திரை இருந்தால், அதில் 7.33 கிராம் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். 18 காரட் என்றால், அதாவது 750 முத்திரை இருந்தால், 6 கிராம்தான் தங்கம். சுத்தத் தங்கம் கிட்டத்தட்ட நம் விரல் நகம் அளவுக்குத்தான் கடினம். செம்பின் அணு தங்க அணுவைவிடச் சிறியது. அது இடையில் போய் உட்கார்ந்தால் தங்கத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று லேசில் வழுக்காது. வெள்ளி அணு ஏறக்குறைய தங்கத்தின் அளவே இருப்பதால் அவ்வளவு இறுக்கம் தராது.

சரி, பார்க்கும் முறைக்கு வருவோம்.

முதலில் கழுவ வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். அறுந்த சங்கிலியை அப்படியே தராசில் வைத்தேன், 15.74 கிராம் காட்டியது. கால் கிராம்தான் குறைந்திருக்கிறது என்று நிம்மதியானேன். கழுவிக் காயவைத்தபின் 15.61. இடையில் போனது கண்ணிகளுக்குள் இறுகிக் கிடந்த சோப்பும் மஞ்சளும் எண்ணெயும். அழுக்கு எடையை மட்டும் கூட்டவில்லை, தேய்ந்த இடத்தையும் மூடி வைத்திருந்தது. பூந்திக்கொட்டையை இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் சங்கிலியை அரை மணி நேரம் வைத்து, குழந்தைகளின் மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். பல்பொடியும் பேஸ்ட்டும் வேண்டவே வேண்டாம். அவற்றில் இருக்கும் நைசான துகள் 22 காரட்டைக் கீறும்.

அடுத்தது எடை. சமையலறைத் தராசு ஒரு கிராம் கணக்கில் காட்டுவதால் இதற்கு உதவாது. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வாங்குங்கள். வாங்கிய ரசீதில் உள்ள எடையோடு ஒப்பிட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அப்புறம் நீளம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கண்ணியும் கண்ணியும் உரசும் உள்வளைவு தேயும்போது ஒவ்வொரு கண்ணியும் மயிரிழை விலகும். இருநூறு கண்ணிக்கு அது சேர்ந்தால் சங்கிலி நீண்டுவிடும். 24 அங்குலமாக வாங்கியது, அளந்தபோது 24½ இருந்தது.

கடைசியாக லென்ஸ். ஃபோன் கேமராவை நான் நம்பமாட்டேன், அது விளிம்பைத் தானே கூர்மையாக்கிக் காட்டும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதும். வெள்ளைத்தாளில் சங்கிலியை லேசாக இழுத்துப் பிடித்து, கண்ணியின் பக்கவாட்டுக் கம்பியையும் வளைவையும் ஒப்பிடுங்கள். வளைவு பாதியாக மெலிந்திருந்தால் கழற்றிவிடுங்கள். கொக்கிக்கு அடுத்த கண்ணியை மறக்காதீர்கள். வடசேரியில் காட்டியபோது ஆசாரி அதைத்தான் முதலில் தொட்டார். "மக்களே, இழுவை எல்லாம் இங்கதான் விழும்."

புதிதாக வாங்குவோருக்கு என் கருத்து: தினமும் போட 22 காரட்டே எடுங்கள், ஆனால் அதே எடையில் கம்பி தடித்த, உள்ளே வெற்றிடம் இல்லாத சங்கிலியாகப் பாருங்கள். கல் வைத்த மோதிரத்துக்கு 18 காரட் நல்லது, கல்லைப் பிடிக்கும் கால்கள் எளிதில் வளையாது. இரண்டையும் சேர்த்து உரசும்படி போட்டால் மென்மையான 22 தான் முதலில் தேயும்.

பின்சேர்க்கை: மணவாளக்குறிச்சி வாசகி ஒருவர், கடல் உப்பு தங்கத்தை அரிக்குமா என்று கேட்டிருந்தார். உப்பை விட்டுவிடுங்கள், மணலைக் கவனியுங்கள். அந்தக் கரையில் இல்மனைட், கார்னெட் என்ற கனிமங்கள் கலந்த மணல், தங்கத்தைவிடப் பலமடங்கு கடினம். கண்ணிக்குள் புகுந்தால் அரம் போல வேலை செய்யும். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

இன்னொருவர் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் கலக்கும்போது 18 காரட் மோதிரம் கறுத்ததாக எழுதினார். குளோரின் அதிலுள்ள செம்பையும் வெள்ளியையும் தாக்கும். கலப்பு கூடுதலாக இருக்கும் நகைக்கு இந்த ஆபத்தும் கூடுதல், நாளடைவில் கல்லைப் பிடிக்கும் கால்களில் விரிசல்கூட விழலாம். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்தப் பொடியைத் தொட வேண்டும்.