முன்குறித்தல் விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பதைத் தேவன் முன்பே தீர்மானித்தார் என்பதே முன்குறித்தல். அந்தத் தீர்மானம் தேவனுடைய சித்தத்தை மட்டுமே சார்ந்தது என்பவர்கள், கால்வினைப் பின்பற்றும் கால்வினியர். யார் விசுவாசிப்பார்கள் என்று தேவன் முன்பே அறிந்ததைச் சார்ந்தது என்பவர்கள், ஆர்மினியஸைப் பின்பற்றும் ஆர்மினியர். கால்வினியரைப் பார்த்து, “உங்கள் தேவன்தான் பாவத்துக்குக் காரணர்” என்பார்கள். ஆர்மினியரைப் பார்த்து, “உங்கள் மனிதன் தன்னைத்தானே இரட்சித்துக்கொள்கிறான்” என்பார்கள். முன்குறித்தல் விவாதம் பெரும்பாலும் இப்படித்தான் சூடு பிடிக்கிறது. இரண்டு தரப்பும் இவற்றை எழுத்திலேயே மறுத்திருக்கின்றன. ஆர்மினியஸ் 1609-ல் இறந்தார். மறு ஆண்டு அவரைப் பின்பற்றியவர்கள் ஹாலந்தில் ஐந்து கட்டுரைகளை முன்வைத்தார்கள். கிருபையின்றி மனிதனால் நன்மையானதை நினைக்கக்கூட முடியாது என்பது அவற்றில் மூன்றாவது. அவர்களுக்குப் பதிலளிக்க 1618-19-ல் கூடிய கால்வினியத் தரப்பின் டார்ட் மாநாடோ, அவிசுவாசத்துக்கான காரணம் தேவனிடத்தில் இல்லை, மனிதனிடத்தில்தான் இருக்கிறது என்று எழுதி வைத்தது. “உங்கள் போதனை அங்கேதான் கொண்டுபோய் விடும்” என்று வாதிடலாம். அது நேர்மையான விமர்சனம். “நீங்கள் அப்படிப் போதிக்கிறீர்கள்” என்பது பொய்ச்சாட்சி.

தெரிந்துகொள்ளுதலையும் (சிலரை இரட்சிப்புக்கெனத் தேவன் தெரிந்தெடுப்பது) தள்ளிவிடுதலையும் (மற்றவர்களை விட்டுவிடுவது) ஒரே அச்சில் வார்ப்பது அடுத்த தவறு. விசுவாசத்தைத் தருவது போலவே அவிசுவாசத்தையும் தேவன் தருகிறார் என்ற கருத்தை டார்ட் மாநாடே தன் முடிவுரையில் வெறுத்து ஒதுக்கியது. லூத்தரன்களின் 1577-ஆம் ஆண்டு அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், முன்குறித்தல் ஜீவனுக்கு மட்டுமே என்கிறது.

வசனங்களைக் கையாளுவதில்தான் சேதம் அதிகம். பார்வோனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தரப்பு யாத்திராகமம் 4:21-ஐக் காட்டும்: அவன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறவர் கர்த்தர். மறுதரப்பு 8:15-ஐக் காட்டும்: கடினப்படுத்தினவன் பார்வோன். 4 முதல் 14 வரையுள்ள அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்து, “கர்த்தர் கடினப்படுத்தினார்”, “பார்வோன் கடினப்படுத்தினான்”, “இருதயம் கடினப்பட்டது” என்று வரும் இடங்களை மூன்று பத்திகளாக எழுதிப் பாருங்கள். கல்மழை ஓய்ந்ததும் பார்வோனும் அவன் ஊழியக்காரரும் தங்கள் இருதயத்தைக் கடினப்படுத்தினார்கள் என்கிறது 9:34. அதே இருதயங்களை நானே கடினப்படுத்தினேன் என்கிறார் கர்த்தர் 10:1-ல். இடையில் ஒரே ஒரு வசனம்தான். இரண்டில் ஒன்றை மறைத்துக் கட்டும் எந்த விளக்கமும் வேதத்தை விளக்கவில்லை.

“எல்லாம் நிர்ணயித்தபடி நடக்கும், நான் என்ன செய்து என்ன?” என்பதை முன்குறித்தலின் முடிவாக நினைப்பவர்கள் அப்போஸ்தலர் 27-ஐ வாசிக்க வேண்டும். புயலில் சிக்கிய கப்பலில், ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று முதலில் அறிவிக்கிறார் பவுல். பிறகு, மாலுமிகள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று அவரே எச்சரிக்கிறார். நிர்ணயித்த முடிவு அதற்கான வழிகளையும் சேர்த்தே வருகிறது. விதி என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் பெரிய தூரம்.

“தேவன் பாவத்தை அனுமதிக்க மட்டுமே செய்கிறார்” என்று சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. வெறும் அனுமதி என்ற விளக்கத்தைக் கால்வினே ஏற்கவில்லை. கால்வினியரின் உண்மையான வாதம் ஏசாயா 10-ல் இருக்கிறது: அசீரியா கர்த்தரின் கோபத்தின் கோல், ஆனாலும் அதன் நினைவு வேறு, அழிப்பதே அதன் நோக்கம், அந்தப் பெருமைக்காக அது தண்டிக்கப்படும். ஒரே செயல், இரண்டு நோக்கங்கள். குற்றம் மனித நோக்கத்தில். இதை மறுக்க விரும்புகிறவர் இங்கேதான் கேட்க வேண்டும்: அந்தக் கெட்ட நோக்கமும் நிர்ணயத்துக்குள் அடக்கமா? கால்வினியருக்கு உண்மையிலேயே கடினமான கேள்வி இது. அவர்களுடைய வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, தேவன் பாவத்தின் காரணர் அல்ல என்று உறுதியாகச் சொல்கிறது. எப்படி என்று முழுவதும் அவிழ்த்துக் காட்டவில்லை.

முன்னறிவைப் பிடித்துக்கொண்டால் தப்பிவிடலாம் என்று ஆர்மினியரும் நினைக்கக் கூடாது. ஆதாம் விழுவான் என்று அறிந்தே தேவன் அவனைப் படைத்தார் என்றால், ஏன் படைத்தார் என்ற கேள்வி அவர்களையும் விடாது. எந்தச் சூழலில் எந்த மனிதன் எதைச் சுயமாகத் தெரிந்தெடுப்பான் என்பதை, உலகைப் படைக்கத் தீர்மானிக்கும் முன்பே தேவன் அறிந்திருந்தார் என்று 1588-ல் யேசுசபைக் குரு மொலினா வாதிட்டார். அந்த வழியில் மனிதனின் சுயாதீனம் நிற்கிறது. ஆனால் இந்தச் சூழல்களைக் கொண்ட இந்த உலகைத் தெரிந்தெடுத்தவர் அப்போதும் தேவனே.