லைன்அப்பை மாற்றச் சொல்லும் முன் பாஸை எண்ணுங்கள்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் வாலிபாலில் ஒரு செட் கைவிட்டுப் போனால் போதும், யாரை உட்கார வைக்கலாம் என்று ரசிகர்களிடையே வாக்குவாதம் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு பேனாவும் தாளும் எடுங்கள்.

எதிரணி சர்வ் போடும்போதெல்லாம் பந்தை முதலில் எடுத்து செட்டருக்கு (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) அனுப்புவதுதான் பாஸ்; அப்படி எடுத்தவரின் பெயருக்கு நேரே மதிப்பெண் போடுங்கள். அந்த பாஸிலிருந்து செட்டரால், நடு பிளாக்கர் (வலையின் நடுவில் ஆடுபவர்) உட்பட யாருக்கு வேண்டுமானாலும் பந்தைக் கொடுக்க முடிந்தால் 3, ஓரிருவருக்குத்தான் முடியும் என்றால் 2, எப்படியோ தூக்கிவிட மட்டும் முடிந்தால் 1, புள்ளியே போய்விட்டால் 0. பயிற்சியாளர்களும் இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். கூடவே எந்தச் சுழற்சி (வீராங்கனைகள் இடம் மாறி நிற்கும் ஆறு வரிசைகளில் எது) என்றும் குறித்துக்கொள்ளுங்கள், இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஆறு சுழற்சிகளில் ஒன்றில் மட்டும் பாஸ் சிதறினால் ஆளை மாற்றத் தேவையில்லை. அந்த இடத்தில் லிபரோ (பின்வரிசையில் மட்டும் ஆடும் தற்காப்பு வீராங்கனை) இன்னும் கொஞ்சம் அகலமாக நின்று, தடுமாறும் அட்டாக்கரின் பகுதியையும் சேர்த்து எடுத்தாலே சரியாகிவிடும்.

அப்புறமும் ஒரே ஆளிடம் 1, 0 என்று குவிந்தால் பின்வரிசைக்கு மட்டும் தற்காப்பு வீராங்கனை ஒருவரை இறக்கச் சொல்லலாம். கல்லூரி விதியில் ஒரு செட்டுக்கு 15 மாற்றங்கள் உண்டு, சர்வதேசப் போட்டிகளில் 6தான். நல்ல அட்டாக்கரை முழுதாக வெளியே உட்கார வைப்பது எனக்குச் சம்மதமில்லை, முன்வரிசையில் அவர் வேண்டும்.